உதாலை என்ன பிரயோசனம்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரவு ஒரு மணிக்கு ஒரு வீட்டில் லைட் எரிந்தால், ஊர் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் மிகக் குறைவு. பிள்ளை ஏ.எல். சோதனைக்குப் படிக்க வேண்டும். அல்லது ஆருக்காவது வருத்தம் கடுமையாக இருக்க வேண்டும். அல்லது கனடாவிலிருந்து போன் வந்திருக்க வேண்டும். என் வீட்டு லைட் இந்த மூன்றிலும் சேராது. பென்சன் எடுத்த ஒரு மனிசன் நடுச்சாமத்தில் தனியே இருந்து ஜெர்மன் வினைச்சொற்களைப் பாடமாக்குகிறான் என்று நம்புவதைவிட, அந்த வீட்டில் பேய் இருக்கிறது என்று நம்புவது அயலட்டைக்குச் சுகமாக இருக்கிறது.

இத்தனைக்கும் இது படிப்பு ஊர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் பல்கலைக்கழக வளாகம் வந்தது. 'கம்பஸ்' வந்த நாள் தொடக்கம் எங்களூரில் அறிவு வளர்ந்ததோ தெரியாது, அறை வாடகை வளர்ந்தது. நானும் பின்பக்கத்து அறைகளைப் பெடியங்களுக்கு விட்டிருக்கிறேன். படிப்பென்றால் எங்கள் சனத்துக்கு உயிர். ஆனால் அந்தப் படிப்பு ஒரு சோதனையில் போய் முடிய வேண்டும்; சோதனை சேட்டிபிக்கேற்றில் முடிய வேண்டும்; சேட்டிபிக்கேற் உத்தியோகத்திலோ விசாவிலோ முடிய வேண்டும். எதிலும் முடியாத ஒன்றை ஒருவன் படிக்கிறான் என்று தெரிந்தால் உடனே கேட்பார்கள்: "உதாலை என்ன பிரயோசனம்?"

எனக்கு நாலு விசர். பாஷை, பந்து, கூழ், காட்ஸ். நாலிலும் ஒரு சதம் வருமானம் கிடையாது. 'பொழுதுபோக்கு' என்று நாகரிகமாகச் சொல்லலாம்தான். ஆனால் பொழுதைப் போக்கத்தான் இங்கே ஒழுங்கை வாசல்களும் அடுத்த வீட்டுச் செய்திகளும் இருக்கின்றனவே. அதற்கு ஆரும் ஜெர்மன் படிக்க மாட்டார்கள்.

பாஷை விசருக்கு எனக்கு ஒரு பெரிய மனிதர் துணை இருக்கிறார். பக்கத்து நல்லூரில் வாழ்ந்த சுவாமி ஞானப்பிரகாசர், 1875இல் மானிப்பாயில் பிறந்தவர். ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, அதை விட்டுவிட்டுக் குருவானவரானார். யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தைத் தானாக விடுகிறவனுக்கு இரண்டு வழிதான் உண்டு: மகான் ஆவது, அல்லது விசரன் என்று பெயர் எடுப்பது. அவர் முதலாவது வழியில் போனார். தமிழ்ச் சொற்களின் வேர்களைத் தோண்டி ஒப்பியல் அகராதி வெளியிட்டார், யாழ்ப்பாணச் சரித்திரம் எழுதினார். அவருக்கு 72 பாஷை தெரியும் என்பார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்ப்பதற்கு 72 பாஷை தெரிந்த இன்னொருவர் வேண்டும் என்பதால் இன்றுவரை ஆரும் மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

நான் அவ்வளவுக்குப் போகவில்லை. 2002இல் சமாதானம் பேச நோர்வேக்காரர் வந்தார்கள், ஏ-9 பாதை திறந்தது, நானும் கொழும்புக்குப் போய் நோர்வேஜிய மொழிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். சமாதானமும் முடிவுக்கு வரவில்லை, புத்தகமும் முடிவுக்கு வரவில்லை. அடுத்ததாகப் பிரெஞ்சைப் பிடித்தேன். பாரிஸ் லா சப்பலில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பி இதைக் கேள்விப்பட்டு போனில் சிரித்தான். "அண்ணை, இஞ்சை இவ்வளவு காலமா இருக்கிற எனக்கே அது தேவைப்படேல்லை. உங்களுக்கு ஏன்?"

ஜெர்மன் கதை இன்னும் விசேஷம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் எங்கள் பகுதி வீடுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகள் நிரம்பி வழியும். மருமகளின் மகன் பேர்ணிலிருந்து வந்திருந்தான், பதினொரு வயது. தேரன்று காலை அவனைப் பிடித்து இருத்தி, நான் பாடமாக்கி வைத்திருந்த ஜெர்மனில் சுகம் விசாரித்து, பள்ளிக்கூடம் விசாரித்து, காலநிலையையும் விசாரித்தேன். பொறுமையாகக் கேட்ட பெடியன் நல்ல தமிழில் சொன்னான்: "தாத்தா, நீங்கள் நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கதைக்கிறீங்கள்." சுவிஸில் எழுதுகிற ஜெர்மன் ஒன்று, கதைக்கிற ஜெர்மன் வேறொன்றாம். எழுதுவதொன்று பேசுவதொன்று என்று குழம்பிப்போய்க் கிடக்கிற பெருமை உலகத்திலேயே எங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அதிலும் பங்காளி வந்துவிட்டான். சரி, வீட்டில் கதைக்கிற பாஷையைச் சொல்லித்தா என்றேன். அவன் வைஃபை பாஸ்வேர்ட்டைக் கேட்டான்.

பந்து விசர் எங்களூரில் முளைக்க வேண்டியதே இல்லை. இது செம்பாட்டு மண். வெங்காயமும் மரக்கறியும் விளையும். பந்து கரையோரத்தில்தான் விளையும். பாசையூர், குருநகர், நாவாந்துறை, இளவாலை என்று கடலும் கோயிலும் இருக்கிற இடமெல்லாம் உதைபந்து. பாசையூர் சென் அன்ரனிசும் நாவாந்துறை சென் மேரிசும் துரையப்பா விளையாட்டரங்கில் மோதுகிற நாளில், அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் ஒரே கிழமையில் நேர்த்தி வைத்த வீட்டுக்காரரின் பாடு சங்கடம்தான். அங்கே ரிக்கெற் எடுத்தவன் ஒவ்வொருவனும் பயிற்றுநர். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஆச்சி பின்களக்காரனுக்குச் சொன்ன அறிவுரையைத் தமிழில் எழுத முடியாது. 72 பாஷையில் ஏதாவது ஒன்றில் மரியாதையாக வரக்கூடும்.

எங்கள் நாட்டு அணி உலகக் கிண்ணத்துக்குப் போனதில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்ததோடு பெருமை கொள்ள வேண்டியதுதான். அதனால் நாலு வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் பிரேசிலுக்கோ ஆர்ஜென்ரீனாவுக்கோ குடியேறிவிடுவோம். இதற்கு மட்டும் விசா தேவையில்லை.

1994 உலகக் கிண்ணத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். ரேடியோ கேட்கிறதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் இருந்து உழக்க வேண்டும். செய்திக்கென்றால் அரை மணித்தியாலம். ஆர் வீட்டிலும் உழக்க ஆள் கிடைக்கும். பிரேசில், இத்தாலி இறுதி ஆட்டமோ எங்கள் நேரத்துக்கு இரவு ஒரு மணிக்கு. நானும் மச்சானும் முறைவைத்து உழக்கினோம். காலில் வேகம் குறைந்தால் ரேடியோவில் குரல் இறங்கும். வேகம் கூடினால் இரைச்சல். தொண்ணூறு நிமிடம் முடிந்தது, கோல் இல்லை. மேலதிகமாக முப்பது நிமிடம், அப்போதும் கோல் இல்லை. அமெரிக்காவில் இருபத்திரண்டு பேர் ஓடியும், திருநெல்வேலியில் இரண்டு பேர் உழக்கியும் சைபருக்குச் சைபர். பிறகு பெனல்ரி. இத்தாலிக்கு பாஜியோ வந்தார், பந்தை வைத்தார், பின்னால் போனார். அந்த நேரம் பார்த்து சைக்கிளில் இருந்த மச்சான் உணர்ச்சிவசப்பட்டு எழும்பி நின்றுவிட்டான். உலகம் இருண்டது. பாஜியோ பந்தை மேல் கம்பத்துக்கு மேலால் அடித்ததும், பிரேசில் மூன்றுக்கு இரண்டு என்று வென்றதும் எங்களுக்கு அடுத்த நாள்தான் தெரியும். மச்சான் இப்போது ரொரன்ரோவில். வீட்டுச் சுவரளவுக்கு ரீவி வைத்திருக்கிறான், ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தால் பேச்சை மாற்றுவான்.

மின்சாரம் வந்ததால் மட்டும் பிழைத்தோமா? 2014 அரையிறுதியில் பிரேசிலும் ஜெர்மனியும். விடியப்புறம் ஒன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஒரு கோல்தானே போயிருக்கிறது என்று குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பினால் ஐந்து. 23ஆம் நிமிடத்துக்கும் 29ஆம் நிமிடத்துக்கும் இடையில் நாலு கோல்! ரீவி பழுதாகி ஒரே கோலைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் கேட்டு எழும்பி வந்த மனைவி, "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?" என்று கேட்டா. ஏழுக்கு ஒன்று. ஆம் என்று சொல்லியிருக்கலாம்.

கூழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பம். முடியாது. ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டி போட்டுக் காய்ச்சுகிற இனிப்புக் கூழ் பிள்ளைகளுக்கு. நான் சொல்வது ஒடியல் கூழ். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கைப்பு எடுக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவன் கூழ் காய்ச்சாமல் வேறு வேலை பார்க்கலாம். பெரிய பானையில் ஒரு கை அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. அவை அவிய, சின்னக்கடையில் விடிய வாங்கிய மீன்தலை, நண்டு, இறால், கணவாய். அரைத்த செத்தல் மிளகாயும் மஞ்சளும். பழப்புளியில் மாவைக் கரைத்து ஊற்றுவது கடைசியில். அதன் பிறகு அகப்பையை நிறுத்தக் கூடாது. இறக்கும்போது முருங்கை இலை. பனையோலையில் பிளா கோலி, வளவில் வட்டமாக இருந்து குடிக்க வேண்டும். கோப்பையில் ஊற்றிக் கரண்டியால் குடிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நோர்வேக்காரர் வந்தாலும் இல்லை.

இதற்கு எதிரி என்று பார்த்தால் நல்லூர்க் கந்தன் ஒருவர்தான். அங்கே கொடி ஏறினால் எங்கள் வீட்டில் மச்சப் பானை பரணுக்கு ஏறிவிடும். நண்டு மலிகிற நாளாக இருந்தாலும் சரி, திருவிழா முடியும்வரை கத்தரிக்காய்தான். வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இனிக் காட்ஸ். யாழ்ப்பாணத்தில் காட்ஸ் என்றால் முந்நூற்று நாலு. அதைச் சூதாட்டம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். காசு வைத்து விளையாடினால் இவ்வளவு கோபம் வராது. 32 தாள், நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் கூட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. கேள்வி கேட்டு வென்றவன் துரும்பைக் கவிழ்த்து வைப்பான். அது ஆட்டினா கிளாவரா என்று தெரியாமல் மற்ற மூன்று பேரும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதற்காக நான் கல்யாண வீட்டுப் பந்தியையும் விட்டிருக்கிறேன்.

ராசாவையும் ராணியையும் கூட்டினாலும் ஐந்துதான். சேவகனுக்கு முப்பது! கந்தோர்க் கிளாக்கர்மார் இந்த விளையாட்டில் இப்படி விழுந்து கிடந்ததற்கு வேறு விளக்கம் தேவையா? இது ஒல்லாந்தர் விட்டுப்போனது என்பது என் எண்ணம். ஜாக்கியும் ஒன்பதும் துரும்பில் தலைதூக்கி நிற்கிற ஆட்டம் அவர்கள் நாட்டிலும் உண்டு. 1658இல் வந்தவர்கள் 1795வரை இருந்து கோட்டையைத் திருப்பிக் கட்டினார்கள், 1707இல் தேசவழமைச் சட்டத்தைத் தொகுத்தார்கள். மிச்ச நேரத்தில் என்ன செய்திருப்பார்கள்? எங்கள் வெயிலில் சும்மா இருந்திருக்க முடியுமா?

இந்த விளையாட்டால் மனக்கணக்கு வளரும், ஞாபகசக்தி கூடும் என்று ஒருமுறை பக்கத்து வீட்டு மாஸ்ரருக்கு விளக்கிப் பார்த்தேன். "அப்ப பிள்ளையளுக்கு ரியூசன் குடுங்கோவன்" என்றார். அன்றிலிருந்து எதையும் நியாயப்படுத்துவதில்லை.

எங்கள் செட்டில் நாலாவது ஆளாகக் கம்பசில் படித்த ஒரு சிங்களப் பெடியன் இருந்தான், என் அறையில் வாடகைக்கு இருந்தவன். குருநாகல் பக்கம். சிங்களம் பழகலாம் என்று அவனைக் கூப்பிட்டு இருத்தி, விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். தாளைக் குலுக்குகிற விதத்திலேயே ஆள் ஆர் என்று தெரிந்துவிட்டது. அவன் ஊரிலும் இதே முந்நூற்று நாலுதான், தாத்தாவிடம் பழகியிருக்கிறான். இதை வைத்து ஆரும் இன ஒற்றுமைக் கட்டுரை எழுத வேண்டாம். அவனைப்போல அளாப்புகிற ஒருவனை நான் இரண்டு பாஷையிலும் கண்டதில்லை. இருமினால் ஜாக்கி, மூக்கைச் சொறிந்தால் ஒன்பது என்று கூட்டாளியோடு முதல் கிழமையிலேயே உடன்படிக்கை செய்துவிட்டான். அந்தக் கூட்டாளி நான் என்பதால் அதிகம் சொல்ல விரும்பவில்லை.

அவன் பட்டம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நாலாவது கதிரை வெறுமையாக இருக்கிறது. கம்பஸ் பக்கம் வருகிறவர்கள், முந்நூற்று நாலு தெரிந்தவர்கள் ஆராக இருந்தாலும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வரலாம். பால்தேத்தண்ணி தரப்படும். மகன் எங்கே, விசா சரிவந்ததா, காணி என்ன விலை போகிறது என்று விசாரிக்கிற நோக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து வேறு வீடு பார்க்கவும். வெள்ளிக்கிழமை விரதகாரரும் தாராளமாக வரலாம், கூழ் சனிக்கிழமைதான்.