நெனச்சது நெஞ்சுல, போட்டது மேசையில

வா கண்ணு, உக்காரு. கோவா போயிட்டு வந்த சடவு இன்னும் மூஞ்சியில தெரியுது. மாண்டவி ஆத்துல நிக்கற சூதாட்டக் கப்பல்ல போக்கர் ஆடறப்ப உனக்குப் பெரிய அநியாயம் நடந்துபோச்சாமே? உங்கம்மா பொலம்பித் தீத்துட்டா. "பந்தயத்தை ஏத்தி ரெய்ஸ் பண்றதுக்குத்தான் அப்புச்சி ஆயிரம் சிப்பு வெச்சேன், டீலரு அதைக் கால்னு சொல்லிப்போட்டான்"ங்கற. சரி, ஒத்துக்கறேன். படிச்ச புள்ள, கம்பெனியில பத்துப் பேருக்கு வேலை சொல்றவன். உனக்கு ஒரு சிப்பு வெக்கத் தெரியலைன்னு சொன்னா அது இந்தக் குடும்பத்துக்கே கேவலம்.

ஆனா ஒரு சங்கதி. என்ற தங்கச்சி பேரன் அந்தக் கப்பல்லதான் சீட்டுப் போடற வேலை பாக்கறான். நீ மறந்துபோயிச் சொல்லாம உட்ட பாதியை அவன் போன்ல சொல்லிப்போட்டான். பிளைண்டுன்னு சீட்டுப் போடறதுக்கு முன்னாலயே வெக்கற கட்டாயத் தொகை நூறு - எரநூறு. நடுவுல மூணு சீட்டு விரிச்சாச்சு. எதுத்தாப்புல இருந்த ஆளு நானூறு வெச்சான். உன்ற முறை வந்துது. நீ வாயத் தொறக்காம ஒத்தை ஆயிரம் சிப்பைச் சுண்டி உட்ட. அது ரெண்டு சுத்துச் சுத்திப் படுத்துது. டீலரு "கால்"னான், அதாவது அவன் வெச்ச நானூறுக்கு நீ சரிக்குச் சரி வெச்சுட்டன்னு. அப்பவும் நீ பேசலை. எதுத்த ஆளு பெருமூச்சு உட்டுச் சீட்டை லேசா முன்னால நகத்துனான் பாரு, அதைப் பாத்தப்பறந்தான் "இல்லைங்க, நான் ரெய்ஸுங்க"ன்னு உனக்கு ஞாபகம் வந்துச்சாம். அடேங்கப்பா! என்ன ஒரு ஞாபகசக்தி! சரியான நேரத்துக்கு வருது!

கண்ணு, உன்னையாட்ட ஞாபகசக்தி உள்ளவங்க உலகம் பூராவும் இருக்கறாங்க. அவிங்களுக்காகவே 2001-ல அமெரிக்காவுல மேட் சாவேஜ், லிண்டா ஜான்சன், ஜேன் ஃபிஷர், டேவ் லேம்புன்னு நாலு பேரு கூடி போட்டி நடத்தறவங்களுக்குன்னு ஒரு சங்கம் வெச்சாங்க. டி.டி.ஏ.ன்னு சொல்றாங்க. அதுவரைக்கும் கிளப்புக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு தீர்ப்புன்னு கிடந்ததை ஒரே புஸ்தகத்துல கொண்டாந்தாங்க. அதுல உன்ற ஆயிரத்துக்கும் ஒரு விதி இருக்குது. முன்னால ஒருத்தன் பந்தயம் வெச்சிருக்கறப்ப, நீ ஒத்தைப் பெரிய சிப்பைப் பேசாம வெச்சா அது கால்தான். நானூறு போக அறுநூறு மீதி வாங்கிக்கலாம். ரெய்ஸ் பண்ணோணும்னா சிப்பு மேசையைத் தொடறதுக்கு முன்னால வாயத் தொறந்து "ரெய்ஸ்"னு சொல்லோணும். சொல்லிப்போட்டு வெச்சா அதே சிப்பு முழுசா ஆயிரமா நிக்கும். இன்னொரு கூத்தும் கேளு. அந்தச் சுத்துல யாரும் ஒண்ணும் வெக்காம இருந்து, நீ மொதல் ஆளா அதே ஆயிரத்தைப் பேசாம வெச்சிருந்தீன்னா, அது முழுசா ஆயிரம் ரூவாப் பந்தயம்! சிப்பு ஒண்ணுதான், கையும் ஒண்ணுதான். முன்னால யாராச்சும் வெச்சிருக்கறாங்களாங்கறதைப் பொறுத்து அர்த்தம் மாறிப்போவுது. மேசையைப் பாக்காம மொபைலைப் பாத்துட்டு இருந்தா இது எப்பிடித் தெரியும்?

உன்னையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. நீ சீட்டுப் பழகுனது செல்போன்ல. அதுல கால்னு ஒரு பொத்தான், ரெய்ஸ்னு ஒரு பொத்தான். முறை வராம அமுக்குனா அது கேக்காது. ரெண்டு தவணையா வெக்கவும் உடாது. அங்க வாய்க்கும் வேலையில்லை, கைக்கும் வேலையில்லை, ஒத்தைக் கட்டை விரலுக்குத்தான் வேலை. 2025 ஆகஸ்டுல டில்லிக்காரங்க காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்கெல்லாம் சட்டம் போட்டு மூட்டை கட்டிப்போட்டாங்க. நீங்க கூட்டாளிகளோட கப்பல் ஏறிட்டீங்க. ஆனா அங்க உன்ற கையே பொத்தானாயிருதுங்கறது உனக்கு ஒறைக்கலை.

சரி போகட்டும். உனக்குத்தான் சண்டைன்னா சக்கரைப் பொங்கலாச்சே. அடுத்த தடவை போறப்ப ராத்திரி பூராவும் வம்பு வளக்கறதுக்கு வழி சொல்லட்டுமா? காசு பணம் வேண்டாம், அப்புச்சி இலவசமாச் சொல்றேன்.

மொதல்ல, இங்கிலீஷ் படத்துல வர்ற மாதிரி, "உன்ற நானூறுக்குக் கால்..." அப்பிடின்னு இழுத்து, எல்லாரும் உன்ற மூஞ்சியைப் பாக்கறப்ப, "...அதுக்கு மேல எரநூறு, நானூறு..."ன்னு தவணை முறையில வெய்யி. படத்துல கைதட்டு வாங்கும். மேசையில அதுக்குப் பேரு ஸ்ட்ரிங் பெட். மொதல்ல சொன்ன கால்தான் செல்லும். மீதியைத் திருப்பிக் குடுத்துருவாங்க. ஏன்னா "கால்"ங்கற வார்த்தையைக் கேட்டு எதுத்த ஆளு மூஞ்சி மலருதா சுருங்குதான்னு பாத்துப்போட்டுக் கூட்டறவனை எவன் நம்புவான்?

அடுத்தது, ரெய்ஸுக்கும் காலுக்கும் நடுவுல ஒரு தொகை வெய்யி. அவன் நானூறு வெச்சா ரெய்ஸ் கொறஞ்சது எண்ணூறு ஆகோணும். நீ நூறு நூறு சிப்பா அஞ்சு எடுத்து வெச்சீன்னா, கூட வெச்சது நானூறுல பாதி கூட இல்லை. கால்தான்னு நூறைத் திருப்பித் தள்ளிருவாங்க. ஆறு எடுத்து வெச்சீன்னா பாதியைத் தொட்டுருச்சு. அப்ப உன்ற பையில இருந்து இன்னும் எரநூறு எடுத்து எண்ணூறாக்கியே ஆகோணும். அரைக்கிணறு தாண்டுனவனை அந்த ஊருச் சட்டம் உள்ள தள்ளறதில்லை. புடிச்சு அக்கட்டாலயே ஏத்தி உட்டுப் பணத்தை மட்டும் வாங்கிக்கும்.

மூணாவது வழி உனக்குக் கைவந்த கலை. காதுல பாட்டு மாட்டிக்க. இளையராஜா மெட்டுக்கு மேசையில ரெண்டு விரல்ல தாளம் போடு. உன்ற முறை வர்றப்ப மேசையைத் தட்டுனா அது "செக்", ஒண்ணும் வெக்காம முறையை உடறது. கையில ராஜா ஜோடியை வெச்சுட்டு, பெரிசா ஒண்ணு வெக்கலாம்னு ரோசனை பண்ணிட்டிருக்கறப்பவே தாளம் உன்னைத் தாண்டி அடுத்த ஆளுகிட்டப் போயிரும். "நான் பாட்டுக்குத்தானுங்க தட்டுனேன்"னு சொல்லிப் பாரு. மேசையே சிரிக்கும்.

நாலாவது, முந்திரிக்கொட்டையாயிரு. மூணாவது ஆளு முறையில அஞ்சாவதா இருக்கற நீ, இருக்கற சிப்பு அத்தனையும் வெக்கறேன்னு "ஆல்-இன்" கத்து. கத்துனது போட்டியில அப்பிடியே நிக்கும். உன்ற முறை வர்ற வரைக்கும் நடுவுல இருக்கறவங்க செக்கோ காலோ சொல்லி, இல்லை சீட்டை மடிச்சு வெச்சா, நீ சொன்ன ஆல்-இன் உன்ற கழுத்துலதான். நடுவுல ஒருத்தன் பந்தயம் வெச்சாலோ ரெய்ஸ் பண்ணுனாலோதான் நீ தப்பிச்ச. அதாவது, உன்ற குடுமியை ரெண்டு பேரு கையில குடுத்துப்போட்டு நீ வேடிக்கை பாப்ப.

கடைசி வழி, எதுத்த ஆளு எவ்வளவு வெச்சிருக்கறான்னு எண்ணிப் பாக்காம தலையாட்டு. சிப்பு அடுக்கைப் பாத்து டீலரு தப்பா ஒரு தொகை சொல்லி, நீ அதுக்குக் கால் சொன்னாக்கூட, உண்மையில எவ்வளவு இருக்குதோ அத்தனையும் உன்ற பொறுப்புன்னு அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்குது. எண்ணிச் சொன்னவன் ஒருத்தன், கட்டறவன் நீ. அதுக்காகத்தான் பெரிய சிப்பை அடுக்குக்குப் பின்னால ஒளிச்சு வெக்கக் கூடாது, எல்லாருக்கும் தெரியற மாதிரி முன்னாலயோ மேலயோ வெக்கோணும்னு இன்னொரு விதியும் வெச்சாங்க.

இதெல்லாம் சின்ன விசயம், இதுக்கெல்லாமா சட்டம்னு சலிச்சுக்காத. 1865 ஜூலைல மிசௌரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டுல என்ன நடந்துதுன்னு தெரியுமா? வைல்டு பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் பழைய கூட்டாளிக. பழைய சீட்டாட்டக் கடன்ல முப்பத்தஞ்சு டாலர் பாக்கின்னான் டட்டு. இல்லை, இருபத்தஞ்சுதான்னான் ஹிக்காக்கு. அடமானமா ஹிக்காக்கோட கைக்கடியாரத்தை... அப்பவெல்லாம் கையில ஏது, பாக்கெட்டுக் கடியாரம்... அதைத் தூக்கிட்டான் டட்டு. அதை மாட்டிட்டு ஊருச் சதுக்கத்துல நடந்தா சுட்டுருவேன்னு இவன் சொன்னான். அவன் நடந்தான். இவன் சுட்டான். எழுபத்தஞ்சு கஜம் தூரத்துல இருந்து நெஞ்சுல குண்டு. பத்து டாலர் கணக்கு தெளிவா இல்லாததுக்கு ஒரு உசுரு. கோர்ட்டுல ஹிக்காக்குக்கு விடுதலை. பதினொரு வருசங் கழிச்சு, 1876 ஆகஸ்டு 2-ம் தேதி, டெட்வுட் ஊருல சீட்டாடிட்டு இருக்கறப்ப அவனையும் ஒருத்தன் பின்னால இருந்து சுட்டான். இன்னைக்கு உன்ற பிரச்சினைக்கு ஃப்ளோர் மேனேஜருன்னு கோட்டுப் போட்ட ஒரு ஆளு வந்து ரெண்டு நிமிசத்துல தீத்து வெக்கறான். அதைப் போயி அநியாயங்கற!

இப்பத்தான் முக்கியமான இடத்துக்கு வர்றேன். காதைக் குடு.

போக்கர்ங்கறது பொய் சொல்லி ஆடற ஆட்டம். கையில ஒண்ணுமே இல்லாம ராசா மாதிரி உக்காந்திருக்கலாம். நாலு ஆசு வெச்சுட்டு எழவு ஊட்டுக்காரன் மாதிரி மூஞ்சியை வெச்சுக்கலாம். அதுக்குப் பேரு ப்ளஃப்பு, அதுக்குப் பாராட்டும் உண்டு. அத்தனை பொய்க்கும் நடுவுல ஒத்தை நெசந்தான் இருக்குது: எவ்வளவு வெச்சேங்கறது. சீட்டுல பொய் சொன்னா கெட்டிக்காரன், பந்தயத்துல பொய் சொன்னா களவாணி. சிப்பை எடுத்துட்டுக் கையை முன்னால கொண்டுபோயி, எதுத்த ஆளு பதறறானான்னு பாத்துப்போட்டுப் பின்னால இழுக்கறவனுக்கு "ஆங்கிள் ஷூட்டர்"னு பேரு வெச்சிருக்கறாங்க. சட்டம் புடிக்காம தப்பிச்சாலும் அடுத்த நாள் அவன் உக்காந்த மேசையில சிரிப்பு இருக்காது.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில தரகருங்க துண்டுக்கடியில விரலைப் புடிச்சு வெலை பேசறதை நீ சின்னதுல பாத்திருப்ப. வாயி பேசாது, மூஞ்சி எதையும் காட்டாது. மாட்டுக்குப் பல்லு எத்தனை, சுழி எதுன்னு ஆயிரம் மறைப்பாங்க. ஆனா எத்தனை விரலைப் புடிச்சானோ அதுதான் வெலை. "நான் மூணு புடிக்கலாம்னுதான் நெனச்சேன், நாலு மாட்டிக்கிச்சு"ன்னு எந்தத் தரகனாச்சும் சொன்னா அடுத்த சந்தையில அவன் துண்டுக்கடியில கை குடுக்க ஒருத்தனும் வரமாட்டான். உன்ற மேசையும் அதேதான் சாமி.

அப்ப நெசமாலுமே தவறிப்போனவனுக்கு என்ன கதின்னு கேப்ப. கேக்கோணும். அந்தப் புஸ்தகத்தோட மொதல் விதியே அதுக்குத்தான். ஆட்டத்தோட நல்லதும் நியாயமுந்தான் பெரிசு, அபூர்வமான நேரத்துல சட்டத்தோட எழுத்தை உட்டுப்போட்டு நியாயத்தைப் பாத்துத் தீர்ப்பு சொல்லலாம்னு மேனேஜருக்கு அதிகாரம் குடுத்திருக்கறாங்க. ஆனா அந்தக் கருணை யாருக்குக் கெடைக்கும்? தப்பு நடந்த அந்த நொடியிலயே, அடுத்த ஆளு அசையறதுக்கு முன்னால, "ஐயோ, மன்னிச்சுக்கங்க, தவறி வெச்சுப்போட்டேன்"னு சொல்றவனுக்குக் கெடைக்கலாம். எதுத்த ஆளு பெருமூச்சு உட்டப்பறம் ஞாபகம் வர்றவனுக்குக் கெடைக்காது. மனசுல என்ன இருந்துதுன்னு மேனேஜருக்குத் தெரியாது. எப்ப பேசுனங்கறது மட்டும் மேசை பூராவுக்கும் தெரியும்.

இன்னொண்ணு, தீர்ப்பு சொல்லியாச்சுன்னா வாயை மூடிக்க. டீலரு சம்பளத்துக்கு வந்த புள்ள. மாமன் மச்சான்னு ஏறாத. எதுத்த ஆளு தப்பா வெச்சு நீ ஜெயிச்சாலும் பல்லைக் காட்டாத. கையில சீட்டு இல்லாதப்ப அடுத்தவன் ஆட்டத்துக்கு ரோசனை சொல்லாத. ஒரு கைக்கு ஒரு ஆளுதான். உன்ற சீட்டு மேல எப்பவும் ஒரு சிப்பை வெச்சு மூடி வெய்யி. டீலரு குப்பைன்னு நெனச்சுக் கூட்டித் தள்ளிட்டா, அதுக்கும் புஸ்தகத்துல உனக்குப் பரிகாரம் இல்லை. கப்பலுக்குக் கப்பல் காசாட்டத்துல விதி கொஞ்சம் மாறும். உக்கார்றதுக்கு முன்னால கேட்டுக்க. கேட்டா கௌரவம் கொறையாது, கேக்காம ஆடுனா பணம் கொறையும்.

இத்தனையும் மனசுல நிக்காதுன்னா ஒண்ணே ஒண்ணை நெப்பு வெச்சுக்க கண்ணு. வாயி முந்தட்டும், கை பிந்தட்டும். "ரெய்ஸ், ஆயிரம்" - ரெண்டே ரெண்டு வார்த்தை. ஆபீசுல மீட்டிங்குன்னு நாளெல்லாம் பேசற வாய்க்கு இது ஒரு பாரமா? அதைக்கூடச் சொல்லக் கூச்சமா இருந்துதுன்னா, அந்த ஆயிரத்தைச் சுண்டாம ஜோப்புலயே வெச்சுட்டு ஊட்டுக்கு வா. அதுக்கு எந்த டீலரும் கால்னு சொல்ல மாட்டான்.