கேம் மாமாவின் தீர்ப்புகள்

முப்பத்தைந்து தாண்டிய வயது, ஐ.டி. வேலை, தீராத முதுகுவலி, வண்ண வண்ணமாக மின்னும் கீபோர்டு. இந்த நாலும் ஓர் ஆளிடம் சேர்ந்திருந்தால் அவர்தான் அந்தக் குடும்பத்தின் கேம் மாமா. கல்யாண வீட்டில் காலை டிபன் முடிந்ததும் மண்டபத்து மாடிப்படியில் அக்கா பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல ஆரம்பிப்பார். கெட்டிமேளச் சத்தம் கேட்டால்தான் முகூர்த்தம் வந்தது அவருக்குத் தெரியும்.

அவருடைய சட்டப் புத்தகத்தில் ஒரே ஒரு பிரிவுதான். "ஒரு கம்பெனியோட யோக்கியதை கேம்ல தெரியாதுடா, எக்ஸ்பான்ஷன்லதான் தெரியும்." கேமை வாங்கி முடித்தவனிடம் எக்ஸ்பான்ஷன் என்ற கூடுதல் பகுதிக்காக மறுபடி காசு கேட்டு வரும்போது கையில் என்ன கொண்டுவருகிறான் என்பதுதான் கேள்வி. புதுக் கதை, புது ஊர் என்றால் சரி. வெறும் ஜிகினா என்றால் மாமா மன்னிக்க மாட்டார்.

இதற்கு அவர் தவறாமல் காட்டும் சாட்சி, 2006-இல் 'ஆப்லிவியன்' கேமுக்கு வந்த குதிரைக் கவசம். "குதிரைக்குச் சட்டை தைச்சுப் போட ரெண்டரை டாலர்டா!" என்று சொல்லும்போது இன்றைக்கும் குரல் நடுங்கும். அந்தக் காலத்தில் மாமா எந்த கேமுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுத்தவரில்லை. எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கிய நகல் சிடி. வாங்காத கவசத்துக்காக இத்தனை வருஷம் வயிறெரியும் ஒருவரை வேறு எந்தத் துறையிலும் பார்க்க முடியாது.

எதிர்த்தரப்பு சாட்சி போலந்து கம்பெனி ஒன்றின் 'விட்சர் 3'. அதன் 'பிளட் அண்டு வைன்' என்ற எக்ஸ்பான்ஷன் 2016-இல் வந்தது; எக்ஸ்பான்ஷனாக இருந்தும் முழு கேம்களோடு மோதி அந்த ஆண்டின் சிறந்த ரோல்-பிளேயிங் கேம் விருதை வாங்கியது. "போலந்துக்காரன்தான்டா மனுஷன்" என்பார் மாமா. ஆனால் அந்த எக்ஸ்பான்ஷனில் வரும் திராட்சைத் தோட்ட நாட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்ததேயில்லை. மூல கேமிலேயே, காணாமல்போன வளர்ப்பு மகளைத் தேடப் போன கதாநாயகனை ஏதோ ஒரு சத்திரத்தில் உட்காரவைத்து வருஷக்கணக்கில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார். மீதிக் கதையை யூடியூபில், ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தார்.

அதே போலந்துக்காரர்களின் 'சைபர்பங்க் 2077', 2020 டிசம்பரில் குறைகளோடு வெளிவந்து, சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டபோது, "அவ்வளவுதான், முடிஞ்சாங்க" என்றார். 2023-இல் 'ஃபேன்டம் லிபர்டி' வந்து பேரை மீட்டுக் கொடுத்தது. "அப்பவே சொன்னேன்ல?" என்றார். சொன்னது வேறு என்று எடுத்துக்காட்ட அக்கா பையன் வாயைத் திறந்தான். அவனுக்குக் கேசரி வாங்கிவர உத்தரவாயிற்று.

'எல்டன் ரிங்' இன்னும் பாவம். அதன் 2024 எக்ஸ்பான்ஷனுக்குள் போக வேண்டுமென்றால் மூல கேமில் ராடான், மோக் என்ற இரண்டு பெரிய வில்லன்களைக் கொன்றிருக்க வேண்டும். மாமா காசு கட்டிவிட்டார். ஆனால் ஆட்டம் தொடங்கும் வெளியிலேயே தங்கக் கவசத்தோடு ஒரு குதிரைவீரன் நிற்கிறான். அவனைத் தாண்டவில்லை. அவன் குதிரைக்கும் கவசம் உண்டு என்பது கூடுதல் எரிச்சல்.

மாமா உண்மையில் விளையாடுவது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' மட்டும்தான். 1999-இல் வந்த ஆட்டம். அதற்கு 2022-இல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு எக்ஸ்பான்ஷன் அறிவித்ததும், "கிழட்டு கேமுக்கு இன்னும் காசு பிடுங்குறான்" என்று கொதித்தார். அதில் திராவிடர்கள் ஒரு தனிப் படையாக வருகிறார்கள், ராஜேந்திர சோழன் கதையும் இருக்கிறது என்று தெரிந்ததும் தள்ளுபடிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. 2013-இல் 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிப்போட்டதைப் பிரித்ததே பெரிய நியாயம் என்றார். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் திராவிடர்களுக்கு 200 மரம் இனாம். "தாய்மாமன் சீர் மாதிரிடா" என்று பூரித்தார். உருமி வாள் சுழற்றும் வீரனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நைட் என்னும் கனரகக் குதிரைப்படை மட்டும் இல்லை என்றதும், "சோழனுக்கே குதிரை இல்லையா?" என்று ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

படை தமிழில் பேசுகிறது என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினார். குடியானவனைத் தட்டினால் தமிழில் பதில் சொல்லிவிட்டு மரம் வெட்டப் போகிறான்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "இவன் சொன்ன உடனே போறானே! கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொல்லி ஒரு மணி நேரமாச்சு, நீங்க எப்ப போறீங்க?"

சுற்றிலும் மதில் கட்டி, உள்ளே வயலையும் கோயிலையும் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் மாமா போருக்குக் கிளம்புவார். எதிரி கம்ப்யூட்டர், அதுவும் ஈஸி. "ஈஸியிலயா மாமா?" என்று பையன் கேட்டான்.

"ஹார்டு ஆபீஸ்லயே இருக்குடா."

ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா சொல்லி வாங்கிய கேம் எதுவும் எங்கள் வீட்டில் சோடை போனதில்லை. பிள்ளைகளுக்கு எது வாங்குவது, எதற்குக் காசு அழக்கூடாது என்று குழம்புகிறவர்கள் உங்கள் வீட்டு மாமாவைத் தாராளமாகக் கேளுங்கள். முடித்துவிட்டாரா என்று மட்டும் கேட்காதீர்கள்.