போஸ்ட்காட்டில் ஒருவரும் சாவதில்லை

யாழ்ப்பாணத்தில் பழைய போஸ்ட்காட் சேர்க்கிறவனுக்கு எதிரிகள் மூன்று: கறையான், ஷெல், முத்திரை சேர்க்கும் சித்தப்பா. முதல் இரண்டையும் மன்னிக்கலாம். சித்தப்பா கத்தரிக்கோலால் முத்திரையை வெட்டியெடுத்தால் அதோடு திகதியும் போய்விடும், மறுபக்கத்துப் படத்தின் மூலையும் போய்விடும். எங்கள் றங்குப்பெட்டியிலுள்ள கோலாலம்பூர் றெயில் நிலையத்துக்கு இடப்பக்கக் கோபுரம் கிடையாது.

1910இல் திறந்த அந்த நிலையத்தின் காலத்தில் மலாயா றெயில்வேயில் கிளாக்கரும் ஸ்டேசன் மாஸ்டருமாக எங்கள் ஆட்கள் ஏராளம். அதனால் மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பழைய பெட்டிகளைக் கிளறினால் நல்லூர்க் கோயில் கிடைக்காது, பினாங்குத் துறைமுகம் கிடைக்கும். ஊரில் இருக்கிறவனுக்கு ஊர்ப் படம் எதற்கு?

இலங்கைப் படத்துக்கு வியாபாரியிடம்தான் போகவேண்டும். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே கம்பெனி நாட்டையே அட்டை அட்டையாக விற்றது. அக்கால அட்டைகளில் ‘தமிழ்ப் பெண்’ என்று ஒருத்தி நிற்பாள். மூக்குத்திக் கல்லை எண்ணிவிடலாம். பேர் மட்டும் இராது. நாங்களென்றால் பேர், ஊர், தகப்பன், சீதனக் காணி எல்லாம் விசாரிக்காமல் படத்தைக் கையிலும் எடுக்கமாட்டோம்.

படத்தின் மேல் எழுத்து இருந்தால் வியாபாரி முகம் சுளித்து விலையைக் குறைப்பான். எனக்கு அதுதான் வேண்டும். ஆதி அட்டைகளில் ஒரு பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. 1902இல் பிரித்தானியத் தபால் இலாகா அதில் பாதியைச் செய்திக்கு விட்டுக்கொடுத்தது. மற்ற நாடுகள் பின்னால் வந்தன. அதுவரை சனங்கள் படத்து வானத்திலும் கடலிலும்தான் சுகம் விசாரித்தார்கள். என்னிடமுள்ள யாழ்ப்பாணக் கோட்டை அட்டையில், ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயத்தின் கூரைக்கு மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: “பனாட்டு கிடைத்ததோ? பெட்டியைத் திருப்பி அனுப்பவும்.” தேவாலயம் போரில் இடிந்துபோனது. பெட்டி வந்ததா தெரியவில்லை.

போஸ்ட்காட் என்றால் தபால்காரர் வாசித்து, வேலிக்கு அப்பால் மாமி வாசித்து, பிறகுதான் உரியவர் கைக்கு வரும். அதனால் கடன், சண்டை எல்லாம் உறைக்குள் போகும். அட்டையில் எல்லாரும் சுகம். செத்தவீட்டுச் செய்தி வந்த அட்டையை வாசித்த கையோடு கிழித்துவிட வேண்டும் என்பது ஆச்சியின் சட்டம். ஆகவே எங்கள் பெட்டியில் பிள்ளை பிறக்கும், சோதனை பாஸாகும், மாடு கன்று போடும். சாவு மட்டும் கிடையாது.

மலாயாவிலிருந்த ஆச்சியின் தமையன் மாதம் தவறாமல் எழுதியவர். 1942இல் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு ஒரு வரி இல்லை. 1946இல் வந்த அட்டை அந்த வருடங்களை “கடவுள் கிருபையால் சுகம்” என்ற ஒற்றை வரியால் தாண்டி, கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை காய்த்ததா என்று கேட்கிறது.

1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இந்த அட்டைகளை ஒருவரும் நினைக்கவில்லை. காணி உறுதிகளுக்கு அடியில் கிடந்ததால் தென்மராட்சி வரை வந்து சேர்ந்தன.

போன கிழமை கனடாவிலிருந்து மருமகன் கேட்டான், அந்த மலாயாப் பெரியவர் எந்த வருடம் காலமானார் என்று. வம்ச வரலாறு எழுதுகிறானாம். பெட்டியை ஒருதரம் முழுக்கப் பார்த்துவிட்டு மறுமொழி போட்டேன்: “ஆள் சுகம். மாம்பழம் கேட்கிறார்.”