எட்டு நிமிடக்காரர்

தனியாளாக யூடியூப் சேனல் நடத்துபவரின் வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது. சித்திரை வெயிலிலும் அங்கே மின்விசிறி ஓடாது. சத்தம் மைக்கில் விழுந்துவிடுமாம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்து ஓயும்வரை பாதி வாக்கியத்தோடு காத்திருப்பார். பிறகு ஆளில்லாத சுவரைப் பார்த்து "வணக்கம் மக்களே!" என்று கையாட்டுவார். அந்த முகமலர்ச்சியை வீட்டார் கல்யாண போட்டோவில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கதை, வசனம், ஒளிப்பதிவு, எடிட்டிங், போஸ்டர், விநியோகம் எல்லாம் இவரே. ஊர் சொல்வது ஒன்றுதான்: "அவருக்கென்னப்பா, கேக்க ஆளில்ல, தனக்குத் தானே முதலாளி." இங்கேதான் எனக்கு ஊரோடு தகராறு. இவருக்கு முதலாளிகள் இரண்டு பேர். ஒருவர் வெட்டச் சொன்னதை மற்றவர் ஒட்டச் சொல்வார்.

முதல் முதலாளி பார்வையாளர். வந்த வீட்டில் உட்காராமல், செருப்பையும் கழற்றாமல் வாசலிலேயே நிற்கும் விருந்தாளி அவர். எந்த நொடியில் எத்தனை பேர் மிச்சம் என்று காட்ட யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வரைகோடு உண்டு. பெரும்பாலும் அது இறங்குமுகம்தான், அதுவும் முதல் அரை நிமிடத்தில் சறுக்கிக்கொண்டு இறங்கும். அதைப் பார்த்து நெஞ்சு பதறிய பிறகே நம்மவர் எடிட்டிங்கில் கை வைக்கிறார். டைம்லைனில் ஒலித்தடத்தைப் பெரிதாக்கினால், பேசிய இடம் மேடாகவும் பேசாத இடம் தட்டையாகவும் தெரியும். தட்டையெல்லாம் வெட்டு. 'வந்து', 'அதாவது', எச்சில் விழுங்கியது, மூச்சு வாங்கியது எல்லாம் வெட்டு. கடைசியில் திரையில் தெரிகிற மனிதரின் தலை வாக்கியத்துக்கு வாக்கியம் இடமும் வலமும் துள்ளும். "மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள்" என்று பிராணாயாமம் சொல்லித்தருகிறவர், தாம் ஒரு மூச்சுகூட விட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது முதலாளியின் பெயர் எட்டு நிமிடம். வீடியோவின் நடுவே விளம்பரம் வர முன்பெல்லாம் பத்து நிமிட நீளம் வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் யூடியூப் அதை எட்டாகக் குறைத்தது. மூச்சையெல்லாம் வெட்டியெறிந்துவிட்டுப் பார்த்தால் வீடியோ ஆறே கால் நிமிடத்தில் நிற்கிறது. இனி வெட்டிய கையே ஒட்ட வேண்டும். ரசம் வைக்கும் வீடியோவில் புளியின் பூர்வோத்தரம் வருவது இதனால்தான். கடுகு ஸ்லோமோஷனில் விழுவதும், கொத்தமல்லிக் கட்டை நாலு கோணத்தில் காட்டுவதும், "வீடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி" என்று தொடங்கி வெளியிலேயே நிற்பதும் இதே கணக்குதான். நொடியில் கஞ்சன், நிமிடத்தில் வள்ளல். பிறகு தம்ப்நெயில். 1280-க்கு 720 பிக்சல் கட்டத்துக்குள் வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, சிவப்பு அம்புக்குறி போட்டு ஒரு முகம். ரசத்தைப் பார்த்து யாரும் இப்படி அதிர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

சரக்கு நல்லதென்றால் ஆள் தானாக வருமே, இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபில் ஏறிய முதல் வீடியோவைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்று பேசுகிறார், 19 நொடி, வெட்டு இல்லை, அம்புக்குறி இல்லை. உண்மைதான். ஆனால் அன்று அந்தத் தளத்தில் போட்டிக்கு வேறு வீடியோவே கிடையாது!

சம்பளத்துக்கு ஒரு எடிட்டரை வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. கணக்கைப் பாருங்கள். நீள வீடியோ போடுபவருக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அதைத் தாண்டிப் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஒரு பின் நம்பர் தபாலில் வரும். உலகமே இணையத்தில் ஓடினாலும் இவர் தபால்காரரைத்தான் வழிமேல் விழிவைத்துப் பார்க்க வேண்டும். நூறு டாலர் தேறினால்தான் பணம் கைக்கு வரும். விளம்பர வருவாயில் இவர் பங்கு 55 சதவீதம். இதில் எடிட்டர் என்ன, அவருக்கு டீ வாங்கித் தரவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், பிடித்திருக்கிறதே, அதுதான் சங்கடம். நள்ளிரவில் எக்ஸ்போர்ட் 99 சதவீதத்தில் நிற்கும்போது அவர் முகத்தில் தெரிவது வேதனை மட்டுமல்ல. காலையில் ஸ்டுடியோவைத் திறந்தால், கடைசிப் பத்து வீடியோக்களில் இது ஒன்பதாம் இடம் என்று முதல் முதலாளி மதிப்பெண் போட்டிருப்பார். பல் துலக்குமுன் அடுத்த தலைப்பு தயார்.

ரசம் மட்டும் போதும் என்கிறவர்கள் வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனைத் திறந்து பாருங்கள். மொத்தச் செய்முறையும் ஐந்தாறு வரியில் இருக்கும். அதையும் அவரேதான் டைப் அடித்திருப்பார்.