மாங்கரை செக்போஸ்ட்டைத் தாண்டியவர்

கோயம்புத்தூரின் மேற்கு ஓரத்தில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டாலும் இவர் ஒருவர் இருப்பார். நாற்பத்தைந்து தாண்டியவர். கொழுப்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னதும், நடக்கப் போகாமல் நேரே கடைக்குப் போய், பைக்கைவிட விலை கூடிய சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு, உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த இறுக்கமான கால்சட்டையில், லிஃப்டுக்குள் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தபடி இறங்குவார். கணுவாய் தாண்டி, மாங்கரை செக்போஸ்ட் தாண்டி, ஆனைகட்டி மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறிவிட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்புவார். கொழுப்பு குறைந்ததா என்று தெரியவில்லை. யானை நிறையச் சேர்ந்திருக்கிறது.

சைக்கிள் ஓட்டுகிற மற்றவர்கள் எத்தனை கிலோமீட்டர் போனோம் என்று சொல்வார்கள். இவர் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. பார்க்கிங்கில் யாராவது அகப்பட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி, மூச்சு வாங்கி, “இன்னிக்கு ஜஸ்ட் மிஸ்ஸுங்க” என்று நிறுத்திவிடுவார். என்ன மிஸ் என்று நாம் கேட்டாக வேண்டும். கேட்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போனவர்கள் அசோசியேஷன் தேர்தலில் ஓர் ஓட்டை இழந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லும்போது யானை அடுத்த வளைவில் நிற்கும். செவ்வாய்க்கிழமை புளியமரத்தடிக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை, புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லும்போது, தும்பிக்கை ஹேண்டில்பாரைத் தடவிவிட்டுப் போயிருக்கும். இத்தனைக்கும் போன தூரத்தை மீட்டர் பிசகாமல் காட்டுகிற கடிகாரம் அவர் கையிலேயே இருக்கிறது. அதையே சாட்சிக்கும் இழுப்பார். “6.12க்குப் பாருங்க, ஹார்ட் ரேட் 171.” பார்த்தால், கோடு நிஜமாகவே செங்குத்தாக ஏறி நிற்கும். “அந்த இடத்துல ஏத்தம் அப்படி” என்பார் அவர் மனைவி, காபியை வைத்துவிட்டு உள்ளே போய்க்கொண்டே.

வெறுமனே ‘யானை’ என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ரஜினி வீட்டு டிரைவரைத் தெரியும் என்று பேச்சை ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்களே, அந்தத் தோரணை யானை விஷயத்தில் இவருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் போனால் எதிரே வந்தது பாகுபலி. தடாகம் பக்கம் என்றால் சின்னத்தம்பி. சின்னத்தம்பி கதை ஊரே டிவியில் பார்த்த கதை. 2019 ஜனவரியில் வனத்துறை அதைத் தடாகத்தில் பிடித்து டாப்ஸ்லிப் பக்கம் கொண்டுபோய் விட்டது. அது காட்டை விட்டு இறங்கி உடுமலைப்பேட்டைக் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்தே வந்துவிட்டது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் கூண்டில் அடைத்து, பிற்பாடு கும்கியாக்கிவிட்டார்கள். நம்மவர் சைக்கிள் வாங்கியதோ கொரோனாவுக்கு அப்புறம். மூன்றாவது மாடியில் இருக்கும் கணக்கு வாத்தியார் ஒருநாள் இதை மெதுவாக எடுத்துச் சொன்னார். நம்மவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “அதோட ஜாடைங்க” என்றார்.

மிருகங்களிலும் அவர் தராதரம் பார்ப்பவர். புள்ளிமானுக்கு, போனால் போகிறதென்று ஒரு வாக்கியம். காட்டுமாடு வந்தால் “ஒரு டன்னுங்க” என்று எடையோடுதான் வரும். கரடி என்றால் குரல் தாழும். அதில் நியாயமும் இருக்கிறது. சைக்கிள் சத்தமில்லாமல் போவதால், ஆள் வருவது கரடிக்குக் கடைசி நொடிவரை தெரியாது. திடுக்கிட்ட கரடி பொல்லாதது. சிறுத்தையை மட்டும் அவர் முழுசாகப் பார்த்ததே கிடையாது. “ரெண்டு கண்ணு”, அவ்வளவுதான். உடம்போ வாலோ இல்லாத சிறுத்தைகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இவர் புண்ணியத்தில் பெருகிவிட்டன. குரங்கு அவர் பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டதும், டீக்கடை நாய் கெண்டைக்காலைக் குறிவைத்துக் கணுவாய் வரை விரட்டியதும் பேச்சில் வராது. மயிலும் வராது. இந்தப் பக்கத்தில் காக்கைக்கு அடுத்தபடி மயில்தான். அதைப் பார்த்தேன் என்று சொன்னால் யார் காபியை ஆறவிட்டுக் கேட்பார்கள்?

நம்பாதவர்களுக்காகச் செல்போனில் ஒரு வீடியோ வைத்திருக்கிறார். 2011இல் தென்னாப்பிரிக்காவில் சைக்கிள் பந்தயத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவரை, ஹார்டிபீஸ்ட் என்கிற பெரிய மான் ஒன்று புல்வெளியில் பாய்ந்து வந்து இடித்துத் தள்ளும். பின்னால் வந்தவரின் கேமராவில் பதிவான, அசல் வீடியோ. அதைப் போட்டுக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் செல்போனைப் பைக்குள் போடுவார். அவர் போடுகிற விதத்தில், கீழே விழுந்தவர் இவர்தானோ என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

யானை துரத்தினால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் யோசனை உண்டு. சில நாள் வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும் என்பார். சில நாள் நேராக இறக்கத்தில் விட வேண்டும் என்பார். 2003இல் தாய்லாந்து யானைகளை வேகமாகப் போகவிட்டு அளந்து பார்த்தபோது மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வந்தன என்று விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். ஆனைகட்டி ஏற்றத்தில் நம்மவர் வேகம் எட்டு. இறக்கம் எந்தப் பக்கம் வரும் என்பதை யானையும் சேர்ந்து தீர்மானிக்கும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சமீபத்தில் ஹெல்மெட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் டேக்குகளை முள்முள்ளாக மாட்டியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் வசந்தகாலத்தில் மேக்பை பறவைகள் கூட்டைக் காப்பதற்காகச் சைக்கிளில் போகிறவர்கள் தலையைக் கொத்த வரும். அங்கே இப்படிச் செய்வார்கள். மெல்போர்னில் இருக்கும் மகன் அனுப்பிய போட்டோவைப் பார்த்து இவரும் செய்துகொண்டார். கொத்த வரும் பறவை இங்கே எது என்று யாரும் கேட்கவில்லை. டீக்கடை நாய்க்கு மட்டும் அந்த ஹெல்மெட் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அவரோடு ஒரு தடவை நானும் போயிருந்தேன். மாங்கரைக்குக் கொஞ்சம் முன்னால், வாழைத்தோப்பு ஓரம், ஒரு பெண்யானை குட்டியோடு ரோட்டைக் கடக்க நின்றது. எங்களுக்கு முன்னால், பழைய சைக்கிளில் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிய பெரியவர் ஒருவர் ஏற்கெனவே இறங்கி நின்றுகொண்டிருந்தார். எங்கள் ஆளின் ஹேண்டில்பாரில் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. பெரியவர் திரும்பிப் பார்த்தார். “ஏனுங்க, அந்த லைட்டை நிறுத்துங்க. அதுபாட்டுக்குப் போகட்டும்” என்றார். இவர் நிறுத்தினார். யானை போயிற்று. பெரியவர் ஏறி மிதித்துப் போய்விட்டார். வீட்டில் ‘ஏன் நேரமாச்சு?’ என்று கேட்டிருப்பார்கள், ‘யானைங்க’ என்று சொல்லியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். குலை தள்ளிய வாழை ஒரே ராத்திரியில் தோப்போடு போகிற ஊரில் யானையைக் கதையாகச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

எங்கள் பார்க்கிங்கில் அதே யானைக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கதையில் குட்டியைக் காணோம். பால்காரர், பாவம், பயத்தில் உறைந்து நின்றார். அவரைக் காப்பாற்றியது யார் என்று சொல்லத் தேவையில்லை. பெண்யானைக்கு இரண்டு தந்தம் முளைத்திருந்தது. கூடப் போன சாட்சியாக நான் பக்கத்திலேயே நின்றேன். தலையாட்டினேன். காபி நன்றாக இருந்தது.

போன மாசம் முழங்கையில் கட்டோடு வந்தார். காட்டுப்பன்றியாம். ஒற்றை ஆண் பன்றி, கோரைப்பல் இந்த நீளம், நரசீபுரம் ரோட்டில் சோளக்காட்டிலிருந்து குறுக்கே பாய்ந்ததாம். அனுதாபமும் ஆயின்ட்மென்ட்டும் மாடி வாரியாக வந்து குவிந்தன. மறுநாள் என் பையனின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனபோது, கடையில் அவருடைய சைக்கிள் தலைகீழாக நின்றது. மெக்கானிக் தம்பி பின்சக்கரத்தின் ஸ்போக்குகளுக்கு நடுவிலிருந்து பச்சையும் நீலமுமாக எதையோ சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பறவை 1963இலிருந்து நாட்டின் தேசியப் பறவை. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. அதன்மேல் சைக்கிளை விட்டேன் என்று எந்த மனிதன் வெளியே சொல்வான்? அதுவும் யானையோடு பழகிய மனிதன்!

சரியாக அந்த நேரம் பார்த்து அவரே கடைக்குள் நுழைந்தார்.

“ஏனுங்ணா, பன்னிக்குத் தோகை மொளைக்குமுங்களா?” என்று இறகைத் தூக்கிக் காட்டினான் தம்பி.

அவர் இறகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டுப்போட்ட கையை மெல்லத் தடவிக்கொண்டார்.

“அதைத் தொரத்திட்டுத்தாம்ப்பா பன்னி வந்துது.”