சித்தப்பா லென்ஸில் சினிமா எடுப்பது எப்படி?

முதலில் ஒரு சித்தப்பா வேண்டும். எண்பதுகளில் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு, தோளில் ஒரு நிக்கான் கேமராவோடு ஊரில் வந்து இறங்கியவராக இருந்தால் உத்தமம். கேமரா செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். லென்ஸ் மட்டும் பீரோவில், பட்டுப்புடவைக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நடுவில், அந்துருண்டை வாசனையோடு உயிரோடு இருக்கும். 50 மி.மீ., எஃப் 1.8. கேட்டுப் பாருங்கள். "எடுத்துக்கோடா, எனக்கெதுக்கு" என்பார். ஓசியில் வந்த இந்தப் பொருளுக்குத்தான் இனிவரும் சம்பாத்தியத்தையெல்லாம் கொட்டப்போகிறீர்கள். அது சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

வாங்கியவுடன் டார்ச் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய வெள்ளை இழைகள் கிளை பிரிந்து ஓடினால் அது பங்கஸ். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் மாதிரி ஈரக்காற்று ஊர்களில் பூட்டி வைத்த லென்ஸில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது. நிறைய இருந்தால் வெளிச்சம் பரவி எல்லா முகமும் மங்கும். அதற்கும் கலங்க வேண்டாம். இதே மங்கலுக்காகக் காசு கொடுத்து ஃபில்டர் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

சித்தப்பா அமையாதவர்கள் ஹீலியோஸ் 44-2 தேடலாம். 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மன் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் வடிவமைப்பை ஒட்டி சோவியத் தொழிற்சாலைகள் மூட்டை மூட்டையாகச் செய்து தள்ளிய லென்ஸ். இதில் எடுத்தால் ஆளுக்குப் பின்னால் இருக்கும் இலை தழையெல்லாம் வட்டமாகச் சுழலும். வடிவமைத்த பொறியாளர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அந்தக் குறைக்குத்தான் இன்று விலை.

அடுத்து அடாப்டர். வாங்கிப் பிரித்ததும் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். கண்ணாடி கிடையாது, மின்சாரம் கிடையாது. நடுவில் ஓட்டை, சுற்றிலும் உலோகம். நீங்கள் காசு கொடுத்தது அந்த ஓட்டையின் நீளத்துக்கு. ஒவ்வொரு லென்ஸும் தன் மவுண்டிலிருந்து பிலிமுக்கோ சென்சாருக்கோ இத்தனை தூரம் இருக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டது. நிக்கானின் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ., கேனன் இஎஃப்புக்கு 44. மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபோது இந்தத் தூரம் சுருங்கியது: மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 19.25, சோனி இ மவுண்டுக்கு 18. சித்தப்பா லென்ஸை பானசோனிக் ஜிஎச் கேமராவில் மாட்ட 46.5-இல் 19.25-ஐக் கழியுங்கள், 27.25 மி.மீ. நீளமுள்ள குழாய். இவ்வளவுதான் அறிவியல்.

கணக்கு வராத ஜோடிகளும் உண்டு. கேனனின் பழைய எஃப்டி லென்ஸுக்கு 42 மி.மீ. வேண்டும்; கேனனின் இஎஃப் கேமராவோ 44 மி.மீ. தள்ளி நிற்கிறது. அப்படியானால் மைனஸ் 2 மி.மீ. தடிமனில் ஒரு வளையம் கடைய வேண்டும். கோயம்புத்தூர் லேத் பட்டறையில்கூட அது நடக்காது. எனவே வளையத்துக்குள் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து விற்கிறார்கள். நல்ல லென்ஸுக்குப் பின்னால் மலிவுக் கண்ணாடியை வைத்துப் படத்தைக் கெடுக்கும் இந்த முறையை, ஒரே கம்பெனியின் லென்ஸையும் கேமராவையும் இணைக்கப் பயன்படுத்துவதில் தனிச் சுகம் இருக்கிறது.

குழாயை மாட்டிக் கேமராவை ஆன் செய்யுங்கள். லென்ஸ் இல்லை என்று சொல்லி ரெக்கார்டு செய்ய மறுக்கும். அதன் பார்வையில் சித்தப்பா லென்ஸ் ஒரு லென்ஸே அல்ல. மெனுவுக்குள் இறங்கி, லென்ஸ் இல்லாமலே படம் எடுக்க நான் சம்மதிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி மொட்டை மாடிக்குப் போய்க் கோயில் கோபுரத்தை ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸில் படுத்துக் கிடக்கும் எட்டு வரை வளையத்தைத் திருப்புங்கள். கோபுரம் கலங்கித் தெரிந்தால் அடாப்டர் தடிமன் கூடிவிட்டது என்று பொருள். எவ்வளவு கூடியிருக்கும்? 0.1 மி.மீ. போதும். 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டருக்கு அப்பால் கூர்மையாகப் பார்க்காது, 28 மி.மீ. லென்ஸாக இருந்தால் 8 மீட்டரிலேயே நின்றுவிடும். வைடாக விரிந்த வயல்வெளிக்காக வாங்கிய லென்ஸ் வாசல் திண்ணையோடு திருப்தி அடையும். இந்த வம்பு வேண்டாமென்று மலிவு அடாப்டர் செய்பவர்கள் வேண்டுமென்றே ஒரு மயிரிழை மெலிதாகக் கடைகிறார்கள். அப்போது கோபுரம் தெரியும், ஆனால் லென்ஸில் பொறித்த தூரக் கணக்கு அத்தனையும் பொய்யாகிவிடும். டேப் பிடித்து அளந்து ஃபோகஸ் வைக்கும் கனவு இருந்தால் இங்கேயே கைவிடுங்கள்.

இந்த இடத்தில் வீட்டில் யாராவது சிரிப்பார்கள். "ஸ்டான்லி கூப்ரிக்கே இதைத்தான் செய்தார்" என்று சொல்லுங்கள். பொய்யல்ல. 1975-இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் செய்த 50 மி.மீ., எஃப் 0.7 ஸ்டில் லென்ஸை மிட்செல் பிஎன்சி சினிமா கேமராவில் மாட்டினார். மீதிக் கதையைச் சொல்ல வேண்டாம். அவருக்கு வளையம் கடையில் கிடைக்கவில்லை. எட் டிஜூலியோ என்ற கைதேர்ந்த பொறியாளர் கேமராவையே அறுத்துக் குடைந்தார். லென்ஸின் பின்பகுதி அவ்வளவு உள்ளே, பிலிமை உரசாத குறையாக உட்கார வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேமராவில் வேறு சாதாரண லென்ஸ் பொருந்தாது. ஃபோகஸ் ஆழமோ அற்பம். நடிகர் முன்னே பின்னே சாய்வதைப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். உங்களிடம் இருப்பது மச்சினன் ஒருவன்தான்.

கூப்ரிக்குக்குப் பிறகு வந்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர். 1997-இல் கேனன் எக்ஸ்எல்1 வீடியோ கேமரா வந்தபோது அதில் ஸ்டில் லென்ஸ் மாட்ட கம்பெனியே அடாப்டர் கொடுத்தது. சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. ஆகவே 50 மி.மீ. லென்ஸ் 360 மி.மீ. மாதிரி பார்க்கும். ஹாலில் நின்று எடுத்தால் மாப்பிள்ளையின் மூக்குத் துவாரம் மட்டும் வரும். பறவை எடுத்தவர்கள் வாழ்த்தினார்கள், மற்றவர்கள் வேறு வழி யோசித்தார்கள். ஜெர்மனியின் பி+எஸ் டெக்னிக் 'மினி35' என்று ஒன்றைச் செய்தது. ஸ்டில் லென்ஸ் ஒரு சொரசொரப்புக் கண்ணாடியில் பிம்பத்தை விழவைக்கும், வீடியோ கேமரா அந்தக் கண்ணாடியைப் படம் பிடிக்கும். படத்தைப் படம் எடுக்கும் அருமையான ஏற்பாடு. கண்ணாடியின் சொரசொரப்பு திரையில் தெரிந்தது. அதை மறைக்கக் கண்ணாடியை அதிர வைத்தார்கள். இதைப் பார்த்து வந்த மலிவுப் பதிப்புகளில் சில கண்ணாடியைச் சுழற்றின, பலவற்றில் பிம்பம் தலைகீழாக வந்தது, மானிட்டரைத் தலைகீழாகக் கட்டினார்கள். வெளிச்சம் பாதிக்கு மேல் போனது, கூடுதலாக விளக்கு வாங்கினார்கள். பின்னணி மங்கியதே, அதற்கு எதுவும் தகும் என்று நினைத்தார்கள்.

2008-இல் கேனன் 5டி மார்க் டூ வந்து இந்தக் கடையை இழுத்து மூடியது. ஸ்டில் கேமராவே வீடியோ எடுத்தால் அடாப்டர் எதற்கு? ஆனால் அந்தக் கேமரா ஆரம்பத்தில் வீடியோவில் அபர்ச்சரைத் தானாகவே மாற்றிக்கொண்டது. கேனன் லென்ஸ் அதற்குக் கீழ்ப்படிந்தது. கீழ்ப்படியாத லென்ஸ் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் புத்தம்புதுக் கேனனில் வளையம் போட்டுப் பழைய நிக்கான் லென்ஸை மாட்டினார்கள். 2009 ஜூனில் கேனன் புது ஃபர்ம்வேர் கொடுத்து அந்த உரிமையைத் திருப்பித் தந்தது. அதற்குள் வளையம் வாங்கியாகிவிட்டது.

உங்கள் கதைக்கு வருவோம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் சித்தப்பாவின் 50 மி.மீ., 100 மி.மீ. ஆகப் பார்க்கும். மண்டபத்தில் மணமேடையை முழுசாகப் பிடிக்கப் பின்னால் நகருங்கள். பந்தி வரிசை வரை நகர்ந்தபின் பரிமாறுபவர்கள் குறுக்கே வருவார்கள். இதற்கு மருந்து இருக்கிறது: 2013-இல் மெட்டாபோன்ஸ் கொண்டுவந்த ஸ்பீட் பூஸ்டர். இந்த அடாப்டருக்குள் கண்ணாடி உண்டு, நல்ல கண்ணாடி. பிம்பத்தை 0.71 மடங்காகச் சுருக்கி, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டும். இந்த வழிகாட்டியில் நான் கிண்டல் செய்ய முடியாத ஒரே பொருள் இது. விலையைக் கேட்டால் சித்தப்பா லென்ஸைப்போல் பல லென்ஸ் வாங்கலாம் என்பதைத் தவிர.

பகல் வெளிச்சத்தில் எஃப் 1.8-இல், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் படம் வெளுத்துப்போகும். என்டி ஃபில்டர் வேண்டும். கையிலிருக்கும் ஃபில்டர் 77 மி.மீ.; நிக்கானின் வாய் 52. நடுவில் இன்னொரு வளையம். லென்ஸைத் திருகும்போது அடாப்டர் லேசாக ஆடும். தாங்க ஒரு சப்போர்ட், சப்போர்ட்டுக்கு இரண்டு ராடு, ராடு மாட்ட ஒரு பிளேட். கோவணத்தை எலி கடிக்காமலிருக்கப் பூனை, பூனைக்குப் பால், பாலுக்குப் பசு என்று போன சந்நியாசியின் கதையை நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்கள். நாமோ பசுவுக்கு மேட் பாக்ஸும் வாங்குகிறோம்.

முகூர்த்தம் நெருங்குகிறது. ஃபோகஸ் வளையம் சினிமா லென்ஸில் முக்கால் வட்டத்துக்குமேல் சுற்றும், நிதானமாக இழுக்கலாம். ஸ்டில் லென்ஸில் பாதி வட்டத்தைத் தாண்டுவதே பெரிசு. அதிலும் நிக்கான் வளையம் கேனனுக்கு எதிர்த் திசையில் திரும்பும். கேனனில் பழகிய கை, கெட்டிமேளம் கேட்ட பதற்றத்தில் நிச்சயமாகத் தப்பான பக்கம்தான் போகும். தாலி ஏறும் மூன்று முடிச்சும் மங்கலாக, பின்னாலிருக்கும் மைக் செட்காரர் மட்டும் துல்லியமாகப் பதிவாவார். அபர்ச்சரை நடுவில் தொடாதீர்கள். டிக் டிக் என்று படி இறங்கும், வெளிச்சமும் கூடவே குதிக்கும்.

வீடியோ பார்க்க வரும் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை காது மட்டும்தான் தம்பி தெளிவா இருக்கு" என்பார். "அதுதான் சார் சினிமாட்டிக் லுக்" என்று சொல்லுங்கள். கண்ணை இடுக்கி இன்னொரு தரம் பார்ப்பார். பாக்கிப் பணத்தை அதற்கு முந்தைய நாளே வாங்கிவிடுங்கள்.