நெய்தல் நிலத் தலைவருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
பெயர் வெளியிட விரும்பாத ஒருவர்,
'பாண்டி ட்ரிப்' வாட்ஸ்அப் குழு உறுப்பினர் (அட்மின் அல்லர்).

பெறுநர்:
உயர்திரு வருணன் அவர்கள்,
நெய்தல் நிலத் தலைவர்.

பொருள்: நண்பர்களோடு கடற்கரைக்கு வந்தவர் பகல் வேளையில் தனியே நடமாட அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: தொல்காப்பியம், பொருளதிகாரம், அகத்திணையியல்.

ஐயா,

முதலில் அதிகார எல்லை பற்றி ஒரு சொல். எண்திசைக் காவலர் பட்டியலில் தாங்கள் மேற்குக்குப் பொறுப்பு. சம்பவம் நடந்த புதுச்சேரியிலோ கடல் கிழக்கே இருக்கிறது. கிழக்கு இந்திரனுடையது. ஆனால் தொல்காப்பியர் அவருக்கு மருத நிலத்தை ஒதுக்கியிருப்பதால், அங்கே மனுப் போட்டால் 'வரப்புத் தகராறு என்றால் சொல்லுங்கள், மணல் விவகாரம் எங்களுடையதல்ல' என்று குறிப்பெழுதித் தங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அலைச்சல் வேண்டாமென்று நேரே வந்திருக்கிறேன். தவிர, புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது அங்கே தரையிலேயே தீர்ந்தபாடில்லை. தண்ணீரில் மட்டும் தீர்ந்துவிடுமா?

நாங்கள் ஐந்து பேர். கல்லூரி விடுதியில் ஒரே சாம்பாரைத் திட்டியதில் உண்டான நட்பு. கோவா என்று தொடங்கிய பேச்சு, லீவு கிடைக்காமலும் ஒருவன் மாமனார் வீட்டு விசேஷத்தாலும் தேய்ந்து தேய்ந்து, மே மாத வார இறுதியொன்றில் ஈ.சி.ஆர். வழியே பாண்டி என்று நின்றது. கத்திரி வெயிலில் கடற்கரைக்குப் போவது யார் யோசனை என்று கேட்காதீர்கள். வாக்கெடுப்பில் வென்றது.

ஐந்து பேரும் கால் வைத்தது நெய்தல் நிலத்தில்தான். ஆனால் ஆளுக்கொரு திணையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தோம் என்பது விடுதி அறைக்குள் நுழைந்த பிறகே தெரிந்தது. ஒருவன் முல்லை. முல்லைக்கு உரியது இருத்தல், அவனும் இருந்தான். ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்து, போர்வையை இழுத்துவிட்டு, ஐ.பி.எல். பார்த்தபடி, குளிர்பதனப் பெட்டியில் அடுக்கிய புட்டிகளுக்குக் காவலாக அறையிலேயே இருந்தான். "பாண்டிக்கு வர்றதே இதுக்குத்தானடா, வெளிய என்ன இருக்கு?" என்பது அவன் தரப்பு. வெளியே தாங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவரு எங்க போயிடப் போறாரு" என்றான்.

இன்னொருவன் மருதம். அவன் ஆரோவில் மாத்ரி மந்திரில் மௌனமாக அமர வந்தவன். உள்ளே அமர முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு குழுவில் 'யாராவது பண்ணுங்கப்பா' என்ற வடிவத்தில் இருந்ததால் யாரும் பண்ணவில்லை. தூரத்திலிருந்து பொன் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன், அங்கே கிடைக்காத மௌனத்தைக் காரில் எங்களுக்கு வழங்கினான். ஊடல் இவ்வளவு நேரம் நீடிக்கும் என்று எந்த உரையாசிரியரும் எழுதியதாக நினைவில்லை.

வண்டி ஓட்டியவன் ஒருவனே தங்கள் நிலத்துக்குப் பொருந்தியவன். குடிக்க மாட்டான், ஆகவே அவன்தான் ஓட்ட வேண்டும் என்பது எழுதாச் சட்டம். பெட்ரோல், டோல், பார்க்கிங் ஒவ்வொன்றுக்கும் இரங்கினான்.

குறிஞ்சியைப் பற்றித்தான் இந்த மனுவே. குழு அட்மின் அவன். கூடலே அவன் கொள்கை. "ஒண்ணா வந்தோம், ஒண்ணாத்தான் போகணும்." இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் எங்களை ஆண்ட விதத்தைப் பார்த்தால் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கே பொறாமைப்பட்டிருப்பார். ஒருவன் குளித்து முடிக்கும்வரை நால்வர் காத்திருக்க வேண்டும், ஒரே குளியலறை. கிளம்பும்போது பதினொன்று. ஒருவனுக்கு டீ வேண்டுமென்றால் ஐவரும் இறங்க வேண்டும். பிரெஞ்சுக்காரர் தெருவில் ஒரு மஞ்சள் சுவரைப் பிடித்து, அவன் தைத்துக் கொண்டுவந்த ஒரே நிறச் சட்டையில் ஐவரும் சாய்ந்து நிற்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் ஸ்கூட்டரோடு வந்து, வாசலுக்கு வழி கிடைக்காமல், "முடிஞ்சுதா தம்பி?" என்று பொறுமையாகக் கேட்டார். முடியவில்லை. ஒருவன் கண்ணை மூடியிருந்தான்.

மனுதாரராகிய நான் பாலை. பிரிதல் என் உரிமை என்று நம்புகிறவன். எனக்கு வேண்டியிருந்தது ஒரு முன்பகல் மட்டுமே: அரிக்கமேட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரியிலிருந்து மது வந்திறங்கிய சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இன்று போனால் கண்ணில் படுவது மாமரங்கள், இடிந்த செங்கல் சுவர், கொஞ்ச தூரத்தில் ஆறு. தெரிந்துதான் போக நினைத்தேன். இல்லாததைப் பார்ப்பதற்குத்தானே தனிமை வேண்டும்? தனியாக விடுவார்களா! ஐவரும் வந்தோம். மருதம் காரை விட்டு இறங்கவில்லை. நெய்தல் ஏ.சி. ஓடினால் பெட்ரோல் போகும் என்று இரங்கியது. மதுச்சாடி என்ற சொல் காதில் விழுந்ததும் முல்லை மட்டும் பயபக்தியோடு இறங்கி வந்து, "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க சரக்கு இறங்கியிருக்குடா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். தொல்லியலுக்கு அன்று கிடைத்த ஒரே மரியாதை அது. எனக்கு வாய்த்த வரலாறு, கார் ஹாரன் பொறுத்த நேரம் வரைதான்.

தங்கள் துறையின் நடைமுறை இப்படியில்லை என்பதே என் வாதம். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் வடக்கிலிருந்து தெற்கே திரும்புகிறது. எந்த மணலும் 'ஒண்ணாத்தான் போகணும்' என்று இன்னொன்றைப் பிடித்துவைப்பதில்லை. பிடித்துவைத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே ஊரிலேயே காட்டியிருக்கிறீர்கள். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய சுவர்கள் மணலைத் தெற்கிலேயே மறித்துக்கொண்டன. வடக்கே இருந்த நகரக் கடற்கரை காணாமல் போய், ஒரு தலைமுறை முழுக்கப் பாறாங்கல் மேல் உட்கார்ந்து காற்று வாங்கியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. இந்த விவரத்தை நான் கடற்கரைச் சாலையில் விளக்கத் தொடங்கியபோது அட்மின் குறுக்கிட்டு, "சூப்பர் மச்சான், எல்லாரும் மணல்ல நின்னு ஒரு போட்டோ" என்றான்.

மீனுக்கும் தாங்கள் தனி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. (ஆணை அரசுடையது என்பது தெரியும், கடல் தங்களுடையது என்பதால் சேர்த்துச் சொன்னேன்.) அந்தக் காலத்தில் சிறு படகுகள் கொண்டுவருவதுதான் மீன். அதை நம்பி வஞ்சிர வறுவலுக்கு ஐந்து பேரும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மருதம் சைவம் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. மீனுக்கு 61 நாள் விடுதலை கிடைக்கிறது. எங்களுக்கு ஒரு மத்தியானம் கிடையாதா?

சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. தண்ணீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று 33 அளவுகோல்கள் வைத்துச் சோதித்துத் தருகிறார்களாம். கூட வருகிறவர்களைச் சோதிக்க ஒன்றுகூட இல்லை. அதையும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. நிலம்தான் நிலத்தோடு கலக்கக் கூடாது. திணை திணையோடு மயங்கலாம் என்று பார்வையில் கண்ட நூலே அனுமதிக்கிறது. ஆகவே நெய்தல் நிலத்துக்குள் பகல் நேரப் பாலையை அனுமதித்துப் பின்வருமாறு ஆணையிட வேண்டுகிறேன்: காலைச் சிற்றுண்டி முடிந்ததும் அவரவர் அவரவர் வழியில் போகலாம். போகிறவனைப் பார்த்து "என்னடா, கோச்சுக்கிட்டியா?" என்று யாரும் கேட்கக் கூடாது. அறையில் இருப்பவன் இருக்கலாம், அவனை இயற்கையை ரசிக்கச் சொல்லி இழுக்கக் கூடாது. நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய எற்பாட்டில் எல்லோரும் கூட வேண்டும். எற்பாடு எந்த வேளை என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எங்களுக்கு மாலை ஆறு மணி போதும். அப்போதுதான் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டுகிறவனும் இறங்கி நடக்கலாம்.

செலவுக் கணக்கு தனித் தாளில் இணைக்கப்பட்டுள்ளது. வஞ்சிரத்தை ஐந்தால் வகுக்க மருதத்துக்கு ஆட்சேபம் உண்டு.

இப்படிக்கு,
பாலை, முல்லை, மருதம், நெய்தல்.

குறிப்பு: ஐந்தாவது கையெழுத்து விடுபட்டிருக்கிறது. அட்மினுக்கு மனுவின் மேல் மறுப்பு ஏதும் இல்லையாம். நல்லா எழுதியிருக்கே என்றான். ஆனால் ஆளுக்கொரு இடத்திலிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நன்றாக இருக்காது, ஐவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் போட வேண்டும் என்கிறான். அதற்கு நாள் குறிக்கக் குழுவில் வாக்கெடுப்பு வைத்திருக்கிறான்.